முதல் வாளி

எங்கள் கிணற்றில் பாதிதான் எங்களுடையது. இறுப்பிட்டியில் இதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. காணி இரண்டாகப் பிரியும்போது கிணறு எல்லையில் அகப்பட்டுவிட்டால், வேலி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து கிணற்றுக் கட்டில் முட்டி நின்றுவிடும். அந்தப் பக்கத்துக்கு ஒரு கப்பி, இந்தப் பக்கத்துக்கு ஒரு கப்பி. வாளி வேறு, கயிறு வேறு. தண்ணீர் மட்டும் ஒன்று. கிணற்றுக்கு மேலே வேலி இல்லாததால் அங்கே மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். அதனால் ஒருவர் நிற்கும்போது மற்றவர் வரமாட்டார்.

மறுபாதி முதலாளியுடையது. அவர் தெற்கில் ஒரு நகரத்தில் கடை வைத்திருந்தவர். கடை எரிந்துபோய் ஊருக்குத் திரும்பி எத்தனையோ வருடங்கள் ஆகியும் ஊர் அவரை முதலாளி என்றுதான் சொல்கிறது. மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் கனடாவில். வீட்டில் அவரும் ஒரு பசு மாடும்தான்.

எங்கள் வீடு நிற்கும் காணி முன்பு அவருடைய தம்பியுடையது. தம்பி குடும்பத்தோடு வெளிநாடு போனபோது, பூட்டிய வீட்டைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொண்டவர் என் அம்மா. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. பனங்கிழங்கைக் கீறி ஒடியல் காயப்போட்டும் வெளிநாட்டுக்காரரின் வளவுகளைத் துப்புரவாக்கியும் என்னைப் படிப்பித்தவர். தம்பியார் ஒரு தடவை ஊருக்கு வந்து நின்றபோது, இவ்வளவு காலம் பார்த்துக்கொண்டதற்காகக் காணியை அம்மாவின் பெயருக்கு எழுதிவிட்டுப் போனார். காணியோடு பாதிக் கிணறும் வந்தது. அதற்கு முன் எங்கள் ஆட்கள் யாரும் அந்தக் கிணற்றில் வாளி போட்டதில்லை. யாராவது அள்ளி ஊற்றினால் குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

முதலாளி வழக்குக்குப் போகவில்லை. சண்டைக்கும் வரவில்லை. அவர் ஒன்றே ஒன்று செய்தார். அம்மா அள்ளிய பிறகு அள்ள வந்தால், முதல் வாளியை நிலத்தில் ஊற்றிவிடுவார். இரண்டாவது வாளியிலிருந்துதான் அவருக்குத் தண்ணீர். பதினொரு வருடம், ஒவ்வொரு நாள் விடியவும். நான் ஏ.எல். படித்ததும், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகக் கம்பஸ் போனதும், திரும்பி வந்து இதே தீவில் வாத்தியார் வேலை பார்ப்பதும் எல்லாம் அந்தச் சத்தத்துக்கு உள்ளேதான். கப்பி கிறீச்சிடும். வாளி மேலே வரும். பிறகு தரையில் தண்ணீர் விழும்.

எங்கள் வேலியோரம், ஒழுங்கையில், மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. பக்கத்தில் மாடுகள் உடம்பைத் தேய்ப்பதற்கு நட்ட ஆவுரஞ்சிக் கல். யார் கட்டியது என்று தெரியாது. சனம் இடம்பெயர்ந்து வீடுகள் வெறுமையாகிய பிறகு மாடுகள் மட்டும் கட்டாக்காலியாக மிஞ்சின. அவை வெயில் ஏறுமுன் வந்து தொட்டியைச் சுற்றி நிற்கும். அம்மா ஒவ்வொரு நாளும் இருபத்திரண்டு வாளி அள்ளி அந்தத் தொட்டியை நிரப்புவார். முதலாளியின் மாடும் மேய்ச்சலுக்குப் போகும் வழியில் அதில்தான் வாய் வைக்கும்.

கம்பஸ் லீவில் நின்ற ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன். "அவரின்ரை மாட்டுக்கும் ஏன் வாக்கிறீங்கள்?"

"மாடு என்ன செய்தது?"

"அவர் செய்யிறதைப் பார்க்க உங்களுக்குக் கோவம் வாறேல்லையோ?"

"வரும். வந்தால் என்ன, தொட்டி நிரம்பாதோ? கதைச்சுக்கொண்டு நிக்காமல் அந்த மற்ற வாளியைப் பிடி."

அம்மா போன வருடம் பங்குனியில் இறந்தார். விடிய எழும்பினவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் இருந்துவிட்டார். முதலாளியிடம் ஒரு பழைய வான் வண்டி இருந்தது. நான் வேலித் தகரத்தைத் தட்டி, "ஐயா, அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கு, வானை ஒருக்கா எடுங்கோ" என்று கூப்பிட்டேன். அந்தப் பக்கம் கப்பிச் சத்தம் நின்றது. பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பிறகு பெரிய ரோட்டுக்கு ஓடி ஒரு ஓட்டோவைப் பிடித்து வந்தேன். வேலணைப் பக்கம் போகும் கடற்பாலத்தில், இரண்டு புறமும் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் கை என் கைக்குள் பாரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதைச் சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடையதோ கன்னத்தைத் தொடுவது போல இருக்குமே, அப்படி. அந்திரட்டிச் சடங்கு முடிந்தது, முப்பத்தொன்றாம் நாள் முடிந்தது, பள்ளிக்கூடம் போனேன், சோறு சமைத்தேன். விடிய எழும்பி இருபத்திரண்டு வாளி அள்ளினேன். அன்பினால் அல்ல. அள்ளாவிட்டால் அந்த நேரத்தில் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கம்பஸில் ஒரு விரிவுரையாளர் எங்களுக்கு ஒரு பயிற்சி சொல்லித் தந்திருந்தார். கண்ணை மூடி, முதலில் தனக்கு நலம் நினைக்க வேண்டும். பிறகு அன்பானவர் ஒருவருக்கு, பிறகு முன்பின் தெரியாத ஒருவருக்கு, பிறகு தனக்குத் தீங்கு செய்தவருக்கு, கடைசியில் எல்லா உயிர்களுக்கும். அம்மா போன பிறகு பின்னேரங்களில் கதிரையில் இருந்து அதைச் செய்து பார்த்தேன். முழு மனதோடுதான் செய்தேன். நான் எதையும் அரைகுறையாகப் படித்தவன் இல்லை. முதல் மூன்றும் போகும். நான்காவது இடத்தில் முதலாளியின் முகம் வரும். "அவர் நலமாக இருக்கட்டும்" என்று சொல்வேன். சொல் மட்டும் போகும். வெறுப்பு வந்திருந்தாலாவது அதோடு மல்லுக்கட்டியிருக்கலாம். அதுவும் வரவில்லை.

எட்டாம் வகுப்புக்குச் சைவசமயம் நான்தான். பதினொரு பிள்ளைகள். எல்லா உயிர்களிடத்தும் அன்பு என்ற பாடம் வந்தபோது கரும்பலகையில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பினேன்.

"சேர், நுளம்புக்குமோ?"

வகுப்பு சிரித்தது. "நுளம்புக்கும்தான். ஆனால் வலையைக் கட்டிப்போட்டு அன்பு செலுத்தலாம்" என்றேன். மறுபடி சிரித்தார்கள்.

முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள். "சேர், நீங்கள் முதலாளியோடை கதைக்கிறேல்லை எண்டு அம்மா சொன்னவ. மெய்யோ?"

"புத்தகத்தைப் பாரும் பிள்ளை" என்றேன். அவள் புத்தகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

புரட்டாதியில் கிணறு அடிக்குப் போய்விட்டது. இரவு முழுக்க ஊறுவது விடிய அள்ளுவதோடு தீர்ந்துவிடும். அதன் பிறகு சேறுதான். வீட்டுத் தேவைக்குப் பவுசர் லொறி வந்து ரோட்டோரத் தகரப் பரலில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகும். மாடுகளுக்குப் பவுசர் இல்லை. நான் என் பங்காக ஆறு வாளி அள்ளித் தொட்டிக்கு ஊற்றுவேன். மிச்சத்தை முதலாளி அள்ளுவார், தன் முதல் வாளியையும் கொட்டித்தான். அந்த வரட்சியிலும் கொட்டினார். புல் இல்லாததால் அவர் தன் மாட்டை அவிழ்ப்பதில்லை, கொட்டிலிலேயே கட்டி வைத்து வைக்கோல் போட்டார்.

ஒரு திங்கட்கிழமை விடிய அந்தப் பக்கம் கப்பிச் சத்தம் கேட்கவில்லை. நான் ஆறு வாளி அள்ளிய பிறகும் கிணற்றில் தண்ணீர் இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. இன்னும் நாலு வாளி அள்ளினேன். மாடுகள் குடித்தன. நல்லது என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

செவ்வாய் விடியவும் சத்தம் இல்லை. கொட்டிலுக்குள் அவருடைய மாடு கத்தியது. வரட்சியில் எல்லா மாடும் கத்தும். அவர் வீட்டுக்குள் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. நான் பதினொரு வாளி அள்ளினேன். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். போகும் வழியில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். தெரிந்தும் கால் முன்னுக்குத்தான் போனது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாட்டின் குரல் கம்மிப்போயிருந்தது. போன் மறுபடி அடித்தது. நான் ஒழுங்கையால் சுற்றிப் போய் அவருடைய படலையைத் தள்ளினேன். உள்ளே சங்கிலி போட்டிருந்தது. மதிலின் மேல் போத்தல் ஓடு பதித்திருந்தது. அவருடைய வளவுக்குள் போக இன்னும் ஒரு வழிதான் இருந்தது. திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கிணற்றுக் கட்டில் ஏறினேன். வேலியின் கடைசிக் கதியால் தடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தேன். கீழே கிணறு வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கத்துக் கட்டும் எங்கள் பக்கத்துக் கட்டைப் போலவே சுட்டது.

முதலாளி பின் விறாந்தையில் கிடந்தார். வாளி படியடியில் உருண்டு கிடந்தது. ஒரு கால் பிழையான பக்கம் திரும்பியிருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது. என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்பிடி வந்தனீ?"

"கிணத்தாலை."

"ம்."

"எப்ப விழுந்தனீங்கள்?"

"நேற்று விடிய. அள்ள வரேக்கை."

"கூப்பிட்டிருக்கலாமே ஐயா."

"ஆரை? உன்னையோ?"

அவர் வாய் ஒரு பக்கம் இழுபட்டது. சிரிப்போ நோவோ தெரியவில்லை. நான் போனை எடுத்து அம்புலன்சுக்கு அடித்தேன். காலை அசைக்க வேண்டாம், வந்துகொண்டிருக்கிறோம் என்றார்கள். பிறகுதான் தண்ணீர் ஞாபகம் வந்தது. அவருடைய குசினிக் குடம் வெறுமையாக இருந்தது. எங்கள் வீட்டுக் குடத்தில் பவுசர்த் தண்ணீர் இருந்தது. மறுபடி கிணற்றுக் கட்டில் ஏறி, எங்கள் வாளியில் ஊற்றி, கட்டின் மேல் வைத்து, நானும் தாண்டி, வாளியோடு போனேன்.

அவர் வாளியைப் பார்த்தார். அது அம்மா வாங்கிய நீல வாளி. பிடியில் துணி சுற்றியிருக்கும். பதினொரு வருடம் அவர் அதைக் கிணற்றுக்கு மேலே பார்த்திருப்பார்.

"மாட்டுக்கு முதல் வை" என்றார்.

நான் வாளியை அசைக்கவில்லை. எங்கள் தண்ணீர் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறாரா, மாட்டுக்காகச் சொல்கிறாரா என்று பார்த்தேன்.

"விசரா, வைக்கச் சொன்னனான். நான் வாய் திறந்து கேப்பன். அது கட்டிக் கிடக்குது."

மாடு தலையை வாளிக்குள் விட்டு ஒரே மூச்சில் இழுத்தது. ஒரேயடியாகக் குடிக்கவிடக் கூடாதென்று, அடியில் கொஞ்சம் மிஞ்சும்போது வாளியைப் பறித்து அப்பால் வைத்தேன். இன்னொரு தடவை தாண்டி, செம்பில் தண்ணீர் கொண்டு வந்தேன். அவருடைய தலையைத் தூக்கி என் தொடையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். தலை நான் நினைத்ததைவிடப் பாரம் குறைவாக இருந்தது. இந்த இடத்தில் ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். செம்பின் குளிர்ச்சி விரலில் தெரிந்தது. அவ்வளவுதான்.

"ஐயா, நேற்று விடிய உங்கடை வாளிச் சத்தம் கேக்கேல்லை" என்றேன். "இண்டைக்கும் கேக்கேல்லை. தெரிஞ்சுகொண்டும் வரேல்லை."

"தெரியும். நீ தொட்டிக்கு வாத்தது கேட்டது. எண்ணிக்கொண்டு கிடந்தனான். நேற்றுப் பத்து. இண்டைக்குப் பதினொண்டு. வழமையா ஆறுதானே." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என்ரை பங்கும் மாட்டுக்குப் போச்சு. சரிதான்."

"சரியில்லை ஐயா."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கொம்மாவுக்கு ஏலாமல் வந்த அண்டு நீ தகரத்தைத் தட்டினது கேட்டது" என்றார்.

"தெரியும்."

"வான் திறப்புக் கோர்வை மடியிலைதான் இருந்தது."

"பேந்து ஏன் வரேல்லை?"

"யோசிச்சுக்கொண்டு நிண்டனான்." நாக்கால் உதட்டைத் தடவினார். "யோசிச்சு முடியேக்கை ஓட்டோச் சத்தம் கேட்டிட்டுது."

நான் செம்பை மறுபடி அவர் வாயில் வைத்தேன். அவர் அந்த வேலித் தகரத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நின்றிருப்பாரோ, அதைவிட அதிக நேரம் நான் இந்தப் பக்கம் நின்றிருக்கிறேன். அதுவும் தொட்டிக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு. மாடுகளுக்கெல்லாம் இரங்கியபடி ஒரு மனிதனைச் சாக விட ஏலும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. அம்மாவின் கணக்கில் இருபத்திரண்டு வாளியும் ஒன்றுதான். யாருக்கு என்று பிரித்து வாளியை எடுத்தவர்கள் முதலாளியும் நானும்தான்.

அம்புலன்சில் வந்த பெடியன் கடதாசியை எடுத்துக்கொண்டு கேட்டான். "நீங்கள் ஆர், மகனோ?"

நான் வாயைத் திறக்குமுன் முதலாளி சொன்னார். "இல்லை. பங்குக் கிணத்துக்காரன்."

அவன் அதை எங்கே எழுதுவதென்று யோசித்து, கடைசியில் அயலவர் என்று எழுதினான்.

கூடப் போக வேறு யாரும் இல்லாததால் நான்தான் போனேன். கடற்பாலத்தில் போகும்போது அவருடைய கையைப் பிடிக்கவில்லை. சேலைன் போத்தல் ஆடாமல் பிடித்துக்கொண்டேன். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இன்னும் ஒரு நாள் கிடந்திருந்தால் தண்ணீர் இல்லாமலே முடிந்திருப்பார் என்று வைத்தியர் சொன்னார். கனடாவிலிருந்து மகன் போனில் அழுதான். எனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை என்றான். நான் அவனுக்கு உண்மையைச் சொன்னேன். இரண்டு விடியல் எனக்குத் தெரிந்திருந்தது, போகவில்லை என்று. "மாட்டை என்ன செய்யிறது?" என்று பிறகு கேட்டான். நான் பார்க்கிறேன் என்றேன்.

முதலாளி சத்திரசிகிச்சை முடிந்து யாழ்ப்பாணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். நான் ஒவ்வொரு நாளும் கிணற்றுக் கட்டைத் தாண்டிப் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டேன், தண்ணீர் வைத்தேன். படலைப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தும் கிணற்றால்தான் போனேன். கதியாலில் நான் பிடிக்கும் இடம் மழமழப்பாகிவிட்டது. ஐப்பசியில் மழை வந்தது. பின்னேரப் பயிற்சியை விட்டுவிட்டேன். விட்டதாக ஒரு தீர்மானம் எடுக்கவில்லை, அந்த நேரத்தில் மாட்டுக்கொட்டில் கூட்ட வேண்டியிருந்தது.

மாசியில் அவர் திரும்பி வந்தார். நாலு கால் வைத்த ஊன்றுகோலைப் பிடித்துத்தான் நடந்தார். சமைக்க ஒரு அக்கா வந்து போனார். மூன்றாம் நாள் விடிய நான் தொட்டிக்கு அள்ளிக்கொண்டு நின்றபோது அவர் ஊன்றுகோலைத் தூக்கித் தூக்கி வைத்துத் தன் பக்கத்துக் கட்டடிக்கு வந்து சேர்ந்தார். நான் நிற்பதைப் பார்த்தும் திரும்பிப் போகவில்லை. பதினொரு வருடத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆள் நின்றது அன்றுதான்.

"அள்ளித் தரட்டோ ஐயா?"

"ஏலுமெண்டால் நான் ஏன் உன்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன்?"

நீல வாளியை இறக்கி, அள்ளி, கட்டின் நடுவில் வைத்தேன். அவர் ஒரு கையால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாளியைச் சரித்தார். தண்ணீர் முழுவதும் தரையில் போனது. ஊன்றுகோலின் கால்களைச் சுற்றி ஓடி அவருடைய பாதத்தை நனைத்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், வேறு யாரோ ஊற்றியது போல.

"கை பழகிப்போச்சு" என்றார்.

"ஓம். எங்களுக்கும்தான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒழுங்கையில் ஒரு மாடு கல்லில் உடம்பைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"இன்னொண்டு அள்ளும்" என்றார்.

அதுவரை நீ. இப்போது கொஞ்சம் மரியாதையோடு நீர். அதைக் கவனித்தேன். நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் இல்லை. கொட்டியவருக்கே மறுபடி அள்ளிக் கொடுத்தேன் என்று என்னோடு படித்தவர்கள் கேட்டால் என்னோடு கோபிப்பார்கள், அவர்கள் கோபிப்பது சரி. நான் இரண்டாவது வாளியை அள்ளி வைத்தேன். அவர் அதைத் தன் பரலில் ஊற்றினார். மூன்றாவதையும் ஊற்றினார்.

"எனக்கு இது காணும். தொட்டியைப் பாரும். அதுகள் நிக்குதுகள்."

வழமையான இருபத்திரண்டையும் அதன் பிறகு அள்ளி முடித்தேன். அன்று மொத்தம் இருபத்தைந்து. முடிந்தபோது இரண்டு உள்ளங்கையும் எரிந்தன. அந்த எரிவு எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிணற்றுக் கட்டில் இருந்தேன்.

இப்போதும் சில நாட்களில் அவர் முதல் வாளியைக் கொட்டிவிடுகிறார். சில நாட்களில் மறந்துபோய் அப்படியே பரலில் ஊற்றிவிடுகிறார். எந்த நாள் எது என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் ஒரு வாளி கூடுதலாகவே அள்ளி வைக்கிறேன்.